சிவப்பு நூல் கட்டிய சாவி

பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அவர் நேரே சாயா குடிக்கப் போவார். வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். வேலையையே தொடவில்லை, அதற்குள் சாயாவா என்று என் மேசைக்கு வந்து முறையிடுவான். நான் என்ன செய்ய? என் கடை வேறு, அவர் கடை வேறு. ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசைக்குச் சீட் கவர் போட வருகிற எந்தக் காரும் அவர் சோதித்து விடாமல் வெளியே போனதில்லை. ஒரே ஒரு கார் போனது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிட வேண்டும். ஆள் யாரென்று தெரியாமல் அந்தக் காரின் கதையைக் கேட்டால் ஊர் சொன்னதையேதான் நீங்களும் சொல்வீர்கள்.

பெயரைச் சொல்ல மாட்டேன். கோர்ட்டுக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அங்கே இருப்பதே போதும்.

எங்களுடையது சீட் கவர் கடை. என் வீட்டுக்காரர் தைப்பார். நான் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயாடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஷட்டர் அவருடையது, வண்டி வயரிங் வேலை. இப்போது வருகிற கார்களில் சீட்டின் பக்கவாட்டிலும் ஸ்டீயரிங்குக்கு உள்ளேயும் ஏர்பேக் இருக்கிறது. சீட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் அதன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குத் தோல் தைக்க வேண்டுமானால் நடுவில் இருக்கிற ஏர்பேக்கையே கழற்ற வேண்டும். நேரம் கெட்டுத் தொட்டால் முகத்துக்கு நேரே வெடித்து விரியும். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்சம் கரண்டு மிச்சம் நிற்கும், அது வடிகிறவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் அவர் சாயாவில் அளந்தார். சூடாக ஒரு சாயா, ஊதி ஊதிக் கடைசி மடக்குவரை. கிளாஸைக் கீழே வைத்த பிறகு எழுந்துவந்து, கதவின் இரும்பை உள்ளங்கையால் ஒரு தடவை தொடுவார், தன் உடம்பில் ஏதாவது கரண்டு இருந்தால் அதுவும் போகட்டும் என்று. அப்புறம்தான் மஞ்சள் பிளக்கில் கை வைப்பார். ஏர்பேக்கின் பிளக் எந்தக் காரிலும் மஞ்சள்தான்.

எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அது பலூன். அவருக்கு மட்டும் அது 'அவன்'. "அவன் உறங்கட்டும் அக்கா, ஒரு சாயா கழியட்டும்" என்பார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் கடைக்காரி என்ற மரியாதையில் அக்கா என்றே கூப்பிடுவார். நான் எல்லோரையும்போல இக்கா என்பேன். அவர் வீட்டில் ராவுத்தர் தமிழ், தெருவில் மலையாளம், காருக்கு அடியில் படுத்திருக்கும்போது இரண்டும் கலந்து வரும். என் தமிழும் அந்த லட்சணம்தான். மூன்று தலைமுறைக்கு முன்னால் துணி வெளுக்க இங்கே வந்த குடும்பம். என் தமிழைத் திருநெல்வேலியில் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பிளக்கைப் பிடுங்கியதும் அவர் செய்கிற முதல் காரியம், என் மேசைக்கு வந்து சிவப்பு நூல் கேட்பது. தோல் தைக்கிற நைலான் நூல். ஒரு முழம் அறுத்துக் கார்ச் சாவியில் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். பிளக் எல்லாம் திரும்பக் குத்தி, சோதித்து, டாஷ்போர்டில் ஏர்பேக் லாம்பு எரிந்து அணைவதை மூன்று தடவை பார்த்த பிறகு, வண்டிக்காரன் கண் முன்னால் அந்த நூலை அவரே அவிழ்ப்பார். நூல் கட்டிய சாவி யார் கைக்கும் போகக் கூடாது. அது எங்கள் வரிசைக்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

சோதிக்கிற விதமும் தனி. காருக்குள் ஒரு ஈ இருந்தாலும் இறக்கிவிடுவார். தான் மட்டும் வெளியே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியைத் திருப்புவார். பார்ப்பதற்கு, குளிக்கிற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு நீட்டுகிற ஆள் மாதிரி இருக்கும். நாங்கள் கேலி செய்வோம். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஒருமுறை டயர் கடைக்காரன், அவர் பலகையில் கழற்றிவைத்திருந்த ஏர்பேக்கைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தன் சாயா கிளாஸை வைத்துவிட்டான். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்கும்படிதான் வைக்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கும்போது வெடித்தால் அதுவே குண்டாகப் பறக்கும். அவர் சத்தம் போடவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் எடுத்துத் தூரமாக வைத்தார், ஏர்பேக்கை மெல்ல நிமிர்த்தினார், அப்புறம் அந்தச் சாயாவை ரோட்டில் ஊற்றினார். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. இடையில் நோன்பு வந்தது, திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழம் மட்டும் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்குப் புது வயரிங் செய்ததும் அவர்தான். முடித்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சையும் மூன்று தடவை போட்டு அணைத்தார். குளியலறை பல்பு ஒன்று இரண்டாவது தடவை கொஞ்சம் தயங்கி எரிந்தது. அவ்வளவுதான், சுவரை மறுபடியும் கொத்தினார். நான் கத்து கத்தென்று கத்தினேன். சிமென்ட் பூசி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "பாதியில நிக்கிறது எனக்கு ஒறக்கம் தராது அக்கா" என்று சொல்லிக்கொண்டே கொத்தினார். அந்த ஆளின் மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். பாதிச் சாயாவில் எழுந்ததில்லை, பாதிப் பேச்சில் போனதில்லை. எனக்கு அது பெரிய எரிச்சல். வண்டிக்காரர்கள் என் தலையில்தானே வந்து விழுவார்கள்.

ஒருநாள் பழைய கார் வாங்கி விற்கிற ஒரு புரோக்கர் வந்தான். இடிபட்ட கார், ஏர்பேக் எல்லாம் ஏற்கெனவே வெடித்துவிட்டது, புதிது போட்டால் கட்டுப்படியாகாது. உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் துண்டை வைத்து லாம்பை மட்டும் ஏமாற்றிக் கொடுங்கள், வாங்குகிறவனுக்கு லாம்பு அணைந்தால் போதும் என்றான். அதைச் செய்கிற ஆட்கள் ஊரில் நிறையப் பேர். இவர் அவனைக் காருக்குள் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். "இப்போ முகத்த ஸ்டீயரிங்ல இடிங்க" என்றார். அவன் சிரித்தான். "மெதுவாத்தான். வலிக்குதான்னு பாப்போம்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "லாம்பு பொய் பறையக் கூடாது" என்று அன்றைக்குப் பூரா முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கள் வரிசையே காலியாகும். வயரிங் கடை, டயர் கடை, பெயின்ட் கடை, சாயாக்கடைக்காரர் உட்பட எல்லோரும் ஜும்மாவுக்குப் போவார்கள். ஷட்டரை யாரும் இறக்குவதில்லை. நான் இருக்கிறேனே. ஒவ்வொருவரும் போகிற போக்கில் அவரவர் சாவியை என் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம் வரிசைக்கே நான்தான் காவல். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அதனாலேயே அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஏர்பேக் வேலையை எடுக்க மாட்டார். பாங்கு சொன்னால் போக வேண்டும், பிளக் பாதியில் நிற்கக் கூடாது. இரண்டும் மோதுகிற நாளில் வேலையே வேண்டாம் என்பார்.

அந்தக் கார் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிற ஒருவருடையது. சின்ன வயது, முப்பது முப்பத்திரண்டு இருக்கும். தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளையை வல்லார்பாடம் மாதா கோயிலில் அடிமை வைக்கிற, அதாவது மாதாவுக்கே ஒப்புக்கொடுக்கிற நேர்ச்சை. அதற்காகக் காருக்குப் புதுச் சீட் கவர், ஸ்டீயரிங்குக்கு அரக்கு நிறத் தோல். புதன்கிழமையே முடிந்திருக்க வேண்டியது. தோல் வந்து சேர்ந்ததே வியாழக்கிழமை சாயங்காலம். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து தைத்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரெக்சின் எடுக்கக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

காலை பத்து மணிக்கு அவரிடம் போய் இதைப் பூட்டிக் கொடுங்கள் என்றேன். ஜும்மா கழிந்து பார்க்கலாம், இரண்டு மணிக்குள் ஆகிவிடும் என்றார். இரண்டு மணிக்கு முடித்தால் அந்த ஆள் எப்போது வீட்டுக்குப் போய், எப்போது குளித்துக் கிளம்பி மூன்று மணிக்குக் கோயிலில் நிற்பது? எனக்குச் சுருக்கென்று வந்தது. உங்கள் சட்டமெல்லாம் உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், உங்களால் என் கடைப் பெயர் கெடுகிறது என்று வரிசையே கேட்கிற மாதிரி சொன்னேன். இன்னும் என்னவோ சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து வேலையை எடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் எடுத்த ஒரே ஏர்பேக் வேலை அதுதான்.

சீட்டுகளைப் பூட்டி அந்தப் பிளக்குகளைக் குத்திவிட்டார். கடைசியாக ஸ்டீயரிங். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். திறந்த காரில் ஏர்பேக்கை வெளியே போட்டுவிட்டுப் போக முடியாது என்று, அதை ஸ்டீயரிங்கிலேயே பொருத்தி மூடினார், மஞ்சள் பிளக்கை மட்டும் குத்தாமல். ஒரு நொடி வேலை அது, குத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குத்தினால் அப்போதே சோதிக்க வேண்டும், சோதிக்காமல் குத்தியதை அவர் குத்தியதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் திரும்பி வந்து முழுசாகச் செய்யலாம் என்று விட்டுவிட்டு, சாவியில் நூல் கட்டி, என் மேசையில் வைத்தார். "அக்கா, ஸ்டீயரிங்குல அவன் முழிக்கல. ஒரு மணிக்கூர்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் அந்தக் கணக்கர் வந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. வீட்டில் அவளும் பிள்ளையும் உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள் சேச்சி என்று மட்டும் சொன்னார். காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எல்லாம் முடிந்த மாதிரித்தான் இருந்தது.

பத்து மணிக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இந்த ஆள் சாயா குடித்துத் தொப்பி போட்டு வருகிறவரை ஊரே காத்திருக்க வேண்டுமா? ஒரு தடவையாவது அவர் இல்லாமல் ஒரு கார் வெளியே போகட்டும் என்று ஒரு கொழுப்பு. அதைக் கொழுப்பு என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல வார்த்தை கிடையாது. சாவியை எடுத்தேன். நூலை வெட்டக் கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது, வெட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நான் ஊசியை வைத்து நெம்பி நாலு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். யோசிக்க எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

பேட்டரியைப் பூட்ட ஸ்பேனரும் என் மேசை டிராயரிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். கணக்கரே பூட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பாக லாம்பு எரிந்தது, அணையவில்லை. இது என்ன என்று கேட்டார். "சாரமில்ல, ஒண்ணும் ஆகாது. திங்கக்கிழமை கொண்டாங்க, அணைச்சுத் தருவாரு" என்றேன். இதே வாயால் சொன்னேன்.

ஜும்மா முடிந்து ஒன்றரைக்கு அவர் திரும்பி வந்தார். தலையில் தொப்பி இருந்தது. கார் நின்ற இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் உள்ளே துணி எடுக்கப் போன நேரத்தில் அந்த ஆளே சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, அதுவாகவே வந்தது. நூல் என் மேசை டிராயரில் கிடந்தது.

அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். போன் அடித்தோம், எடுக்கவில்லை. டயர் கடைக்காரன் பைக்கை வாங்கிக்கொண்டு தோப்பும்படியில் அவர்கள் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. இப்போதுதான் கிளம்பினார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலேயே விரட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

வல்லார்பாடத்தில் ரோட்டோரம் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருக்கிறது. அதன் பின்மூலையில் கார் போய் மோதியிருக்கிறது. எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கினாரோ, பிள்ளை அழுததென்று திரும்பிப் பார்த்தாரோ, தெரியாது. பின்சீட்டில் இருந்த மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்தது. மடியில் இருந்த பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஓட்டிய ஆளை வெளியே எடுத்தவர்களில் இவரும் ஒருவர். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சாயங்காலம் வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் ரத்தம். யாரோ சாயா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். அதை அவர் தொடவே இல்லை. "அவன் முழிக்கல அக்கா. தோல் அப்படியே புதுசா இருந்துச்சு" என்றார்.

லாரியின் மூலை உள்ளே வந்தால் பலூன் இருந்தும் என்ன செய்யும் என்று பலர் சொன்னார்கள். கார் வேலை தெரிந்தவர்களே சொன்னார்கள். நான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் மட்டும் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

வண்டியைச் சோதித்தவர்கள் பிளக் குத்தாமல் கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போலீஸ் வந்து வேலை செய்தது யார் என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், நான்தான், குத்த மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். மறக்கிற ஆளா அவர்? அப்போது நான் சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இரு, உன்னால் இரண்டு கடையும் போக வேண்டுமா என்றார். மூடிக்கொண்டேன். அவ்வளவு நீள வாய், மூட வேண்டிய நேரத்தில் மட்டும் எப்படி மூடிக்கொண்டதோ தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கணக்கரின் மனைவி வந்தாள். கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவர் கடை வாசலில் நின்று மலையாளத்தில் கேட்டாள், நான் தமிழில் சொல்கிறேன். சண்டைக்கு வரவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

"லாம்பு எரிஞ்சுட்டே இருந்துச்சு. ஏன்னு அவருகிட்ட கேட்டேன். கடையில சேச்சிகிட்ட கேட்டுட்டேன், சாரமில்லன்னு சொல்லிச்சு, சாவியும் ஸ்பேனரும் எடுத்துத் தந்ததே அந்தச் சேச்சிதான்னு சொன்னாரு. அப்படியா?"

நான் நாலு அடி தள்ளி மேசையில் இருந்தேன். என் கையில் நூல்கண்டு இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துகொண்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"கடையில யாரும் ஒண்ணும் சொல்லல மோளே. நீ பயப்படக் கூடாதுன்னு உன் வீட்டுக்காரர் சும்மா சொல்லியிருப்பாரு. பிளக்கு நான் குத்தல. தெட்டு என்னோடது, என் தப்பு."

"அவரு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் அவள். கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது ஆமாம் என்று சொல்வார்கள் என்று நின்றாளோ என்னவோ. அப்புறம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கடைக்குக் கார் வரவில்லை. தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் ஆளைக் கொன்றவன் என்று கூசாமல் பேசினார்கள். என் மேசை முன்னால் உட்கார்ந்தே பேசினார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றிரண்டு தடவை தலையைக்கூட ஆட்டியிருக்கிறேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் ஷட்டரை இறக்கிவிட்டார். கலூரில் யாரோ ஒருவருடைய ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேஸ் ஒத்திப்போய் ஒத்திப்போய் நடந்துகொண்டிருந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அதைவிட வெட்கக்கேடு இல்லை.

ஏழு வருஷம் கழித்துப் போன வருஷம் நாங்களும் ஒரு பழைய கார் வாங்கினோம். வாங்கிய மறுவாரமே ஏர்பேக் லாம்பு எரிந்தது. வரிசையில் புதிதாக வந்திருக்கிற பையன், அந்த லாம்பைக் கழற்றிவிடலாம் ஆண்ட்டி, பத்து நிமிஷம் என்றான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு நானே ஓட்டிக் கலூருக்குப் போனேன்.

பிரைவேட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அவருக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எந்த மாற்றமும் காட்டவில்லை. லாம்பைப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றினார், இரண்டு சாயா சொன்னார். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். நான் பாதியில் கிளாஸை வைத்துவிட்டேன். அவர் முழுசும் குடித்தார். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக்கின் முனை பச்சை பிடித்திருந்தது. பிடுங்கிச் சுரண்டித் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துச் சாவியில் கட்டினார். இப்போது யாரிடம் நூல் வாங்குகிறாரோ.

வேலை முடிந்து பேட்டரியைப் பூட்டியதும் நான் தள்ளி நின்றேன், பழைய வழக்கப்படி. அவர் வெளியே நிற்கவில்லை. காருக்குள் ஏறினார். டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து, நெஞ்சு ஸ்டீயரிங்கில் படுகிற மாதிரி உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பவில்லை. சாவியை எடுத்துச் சொருகினார். ஒர்க்‌ஷாப்காரர் என்னிடம், இக்கா எல்லாக் காருக்கும் இப்படித்தான், சொன்னால் கேட்பதில்லை என்றார்.

நான் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"இறங்குங்க அக்கா" என்றார்.

"நூல அவுத்தது நான்தான் இக்கா."

"அறியும்."

"சாரமில்லன்னு சொன்னதும் நான்தான்."

"அதுவும் அறியும்."

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒருத்தன் உள்ள போனா போதும், ரெண்டு பேரு எதுக்குன்னு தோணிச்சு. வெள்ளிக்கிழமை வேலைய எடுத்தது நான். குத்தாம விட்டதும் நான். அதுல எனக்குச் சங்கடமில்ல." ஸ்டீயரிங்கைக் கையால் ஒரு தடவை துடைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் அப்படிப் பறஞ்சிருக்கக் கூடாது. செத்தவன நான் பொய்யனாக்கிட்டேன். அது ஒண்ணு பாதியில நிக்குது. நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா."

இறங்குங்கள், சாவி திருப்ப வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். நான் இறங்கும்வரை திருப்பவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினேன். உதடு அசைந்தது. லாம்பு எரிந்தது, அணைந்தது. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து சாவியை என் கையில் வைத்தார். நூல் அப்படியே இருந்தது, நாலு முடிச்சோடு. அவிழ்க்கவில்லையா என்று கேட்டேன்.

"காரு சரியாயிருக்கு. நூல நீங்க அவுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளாஸ்களைக் கழுவப் போனார்.

திரும்பி வருகிற வழிதான் தோப்பும்படி. அந்த வீடு இருக்கிற தெரு எனக்குத் தெரியும். முனையில் காரை நிறுத்தினேன். யூனிபார்மில் ஒரு பெண் குழந்தை சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த வீட்டுக் கேட்டுக்குள் போனது. ஏழு வயது இருக்கும். நான் இறங்கவில்லை.

இந்த மழைக்கு அவர் போய்விட்டார். நெஞ்சு வலி என்றார்கள், இரண்டே நாள். கேஸ் அதோடு முடிந்துவிட்டது, இனி அதில் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சாவியில் நூல் இருக்கிறது. அழுக்கேறிக் கறுத்துவிட்டது. ஓட்டும்போது முழங்காலில் வந்து தட்டும். நேற்றும் அந்தத் தெரு முனைவரை போனேன். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்துவிட்டு, சாவியைத் திருப்பி வந்துவிட்டேன். லாம்பு எரிந்து அணைந்தது. காரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.